கை பேசுவதைக் கம்ப்யூட்டர் படிக்குமா?

(அறிவியல் பகுதி – எழுதியது: ஒன்பதாம் வகுப்பு மாணவி)



இந்த மாதம் அறிவியல் பகுதி எழுதும் முறை எனக்கு வந்திருக்கிறது. வீடியோவில் ஒருவர் என்ன செய்கிறார் என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் என் தலைப்பு. ஆனால் நான் எங்க தோட்டத்தில் இருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

எங்க தோட்டத்தில் நடந்தது

என் தம்பி நாலாம் வகுப்பு படிக்கிறான். உங்களில் நிறையப் பேருக்கு அவனைத் தெரியும். பிறந்ததில் இருந்தே அவனுக்குக் காது கேட்காது. வீட்டில் கையாலதான் பேசுவான். நாங்களும் கையாலதான் பதில் சொல்லுவோம். பூண்டுக்கு ஒரு சைகை, மழைக்கு ஒரு சைகை, அப்பாவுக்கு ஒரு சைகை. எல்லாம் நாங்களே வைத்துக்கொண்டது.

போன கார்த்திகை மாதம் ஒருநாள் காலையில் பூண்டுத் தோட்டத்தில் இருந்து ஓடி வந்தான். இரண்டு விரலைத் தலையில் கொம்பு மாதிரி வைத்துக் காட்டினான். அத்தை அதைப் பார்த்தவுடனே, "மாடு அவுத்துக்கிச்சு போல" என்று சொல்லிக் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிட்டாங்க. தம்பி இன்னும் காட்டிக்கொண்டே இருந்தான். கொம்பு வைத்த பிறகு தோளை இரண்டு முறை தூக்கி இறக்கினான். அத்தை திரும்பி நடந்துவிட்டதால் அதைப் பார்க்கவில்லை.

அவன் அகராதியில் கொம்பு மட்டும் வைத்தால் மாடு. கொம்பு வைத்துத் தோளைத் தூக்கினால் காட்டுமாடு.

அத்தை வரப்பு திரும்பினதும் பத்தடி தூரத்தில் காட்டுமாடு நின்றுகொண்டிருந்தது. அது நிமிர்ந்து பார்த்ததும் அத்தை பயந்து ஓடி, கல் தடுக்கி விழுந்தாங்க. நல்லவேளை, காட்டுமாடு காட்டுப்பக்கம் போய்விட்டது. ஆனால் அத்தைக்கு இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த வருடம் பூண்டு உரிக்கக்கூட அவங்களால் முடியவில்லை. தம்பி அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. தான் சரியாகச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டான். அவன் சரியாகத்தான் சொன்னான். நாங்கதான் கடைசி வரைக்கும் பார்க்கவில்லை.

அத்தை பார்த்தது ஒரு போட்டோ. தம்பி காட்டியது ஒரு வீடியோ. இந்த வித்தியாசம்தான் இன்றைய பாடம்.

போட்டோவும் வீடியோவும்

வீடியோ என்பது வேறொன்றும் இல்லை, வேகமாக ஓடும் போட்டோக்கள்தான். ஒரு வினாடிக்கு 25 அல்லது 30 போட்டோ ஓடினால் நம் கண்ணுக்கு அது அசைவதாகத் தெரியும்.

ஒரு மாணவன் பாதி குனிந்த நிலையில் இருக்கும் போட்டோவைக் காட்டி, "இவன் உட்காருகிறானா, எழுந்திருக்கிறானா?" என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. இரண்டு செயலிலும் அதே நிலை வரும். முன்னால் வந்த படமும் பின்னால் வந்த படமும் தெரிந்தால்தான் சொல்ல முடியும். உட்காரும் வீடியோவைத் திருப்பி ஓட்டினால் எழுந்திருக்கிற வீடியோ மாதிரி ஆகிவிடும். படங்கள் அதேதான். வரிசைதான் மாறுகிறது. கதவைத் திறப்பதும் மூடுவதும் இப்படித்தான்.

இதற்கு நம்ம ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904-ஆம் ஆண்டில் இருந்து சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் சூரியன் மேல் கரும்புள்ளி இருப்பது மட்டும் தெரியும். நாள்வாரியாகப் படங்களை அடுக்கிப் பார்த்தால் அந்தப் புள்ளி ஓர் ஓரத்தில் இருந்து மறு ஓரத்துக்குச் சுமார் இரண்டு வாரத்தில் நகர்வது தெரியும். சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது என்பது அப்போதுதான் புரியும்.

புள்ளியே போதும்!

1973-இல் ஸ்வீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னார் யோஹான்சன் ஓர் அருமையான சோதனையைப் பற்றி எழுதினார். ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளி வைத்தார். இருட்டில் படம் எடுத்தார். திரையில் ஆள் தெரியாது. பத்துப் பன்னிரண்டு புள்ளி மட்டும் தெரியும். ஆள் அசையாமல் இருந்தபோது பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, வெறும் புள்ளிகள்தான். அவர் நடக்க ஆரம்பித்தவுடன், "அட, ஒரு ஆள் நடக்கிறார்!" என்று உடனே சொல்லிவிட்டார்கள்.

இதில் இருந்து என்ன தெரிகிறது? ஒரு செயலைக் கண்டுபிடிக்கச் சட்டை நிறம், முகம், உயரம் எதுவும் தேவையில்லை. மூட்டுகள் எந்த வரிசையில் நகர்கின்றன என்பதே நிறையச் சொல்லிவிடும்.

கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கும் முயற்சியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தொகுப்பும் ஸ்வீடனில் இருந்துதான் வந்தது. 2004-இல் ஸ்டாக்ஹோமில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 25 பேரை வைத்து ஆறு செயல்களைப் படம் பிடித்து வெளியிட்டது. நடப்பது, மெல்ல ஓடுவது, வேகமாக ஓடுவது, குத்துச்சண்டை போடுவது, கை ஆட்டுவது, கை தட்டுவது. அவ்வளவுதான். 2017-இல் வந்த கைனெட்டிக்ஸ் என்ற தொகுப்பில் 400 செயல்கள் இருந்தன. ஒவ்வொரு செயலுக்கும் குறைந்தது 400 வீடியோ, ஒவ்வொன்றும் சுமார் 10 வினாடி.

சென்னையில் நடந்த வேலை

இப்போது நம்ம தமிழ்நாட்டுக்கு வருவோம். கையால் பேசுவதும் ஒரு மனிதச் செயல்தானே? அதையும் கம்ப்யூட்டர் படிக்குமா என்று சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். மிதேஷ் கப்ரா, பிரத்யுஷ் குமார் ஆகியோர் இருந்த குழு அது. சென்னை அடையாறில் உள்ள செயின்ட் லூயிஸ் காது கேளாதோர் பள்ளியைச் சேர்ந்த, சைகையில் நன்கு தேர்ந்தவர்கள் கேமரா முன்னால் நின்று இந்திய சைகை மொழிச் சொற்களைச் செய்து காட்டினார்கள். 2020-இல் "இன்க்லூட்" என்ற பெயரில் அந்தத் தொகுப்பு வெளியானது. இன்க்லூட் என்றால் "சேர்த்துக்கொள்" என்று அர்த்தம்.

அதில் என்ன இருக்கிறது?
• சொற்கள் 263
• வீடியோக்கள் 4,287
• போட்டோ கணக்கில் சொன்னால் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம்
• பிரிவுகள் 15: விலங்கு, நிறம், உடை, வீடு, தொழில், நாளும் நேரமும், வாழ்த்து இப்படி.

நான் வகுத்துப் பார்த்தேன். ஒரு சொல்லுக்குச் சராசரியாக 16 வீடியோ வருகிறது. ஒரு வீடியோவில் 63 போட்டோ. வினாடிக்கு 25 போட்டோ என்றால் ஒரு சொல் இரண்டரை வினாடி. மேலே சொன்ன கைனெட்டிக்ஸில் ஒரு செயலுக்கு 400 வீடியோ, இங்கே 16. அவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டுதான் கற்க வேண்டும்.

கம்ப்யூட்டர் எப்படிப் படிக்கிறது?

படி 1: வீடியோவைத் தனித்தனிப் போட்டோவாகப் பிரிக்கும்.

படி 2: ஒவ்வொரு போட்டோவிலும் உடம்பின் முக்கியப் புள்ளிகளைத் தேடும். ஒரு கைக்கு மட்டும் 21 புள்ளி. உங்கள் கையை விரித்துப் பாருங்கள். ஒரு விரலுக்கு நாலு என்றால் ஐந்து விரலுக்கு 20. மணிக்கட்டு ஒன்று. மொத்தம் 21 ஆச்சா? யோஹான்சன் ஒளிப்புள்ளியை ஒட்டினார். இப்போது ஒட்டாமலே கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடுகிறது.

படி 3: புள்ளிகள் எப்படி நகர்ந்தன என்பதை முதல் போட்டோவில் இருந்து கடைசிப் போட்டோ வரைக்கும் வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளும். சில முறைகளில் கடைசியில் இருந்து முதலுக்கும் ஒருதடவை பார்க்கும். நாம் கஷ்டமான வாக்கியத்தைத் திரும்ப ஒருமுறை படிப்போமே, அதுபோல.

படி 4: 263 சொல்லுக்கும் மார்க் போடும். "இது வீடாக இருக்க 80, பள்ளியாக இருக்க 12, மற்றதெல்லாம் சேர்த்து 8" என்கிற மாதிரி. (இந்த எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை.) எதற்கு மார்க் அதிகமோ அதுதான் பதில்.

இதை யாரும் விதி எழுதிச் சொல்லிக் கொடுப்பதில்லை. "இந்த வீடியோவுக்கு இதுதான் பெயர்" என்று காட்டிக்கொண்டே இருப்பார்கள். முதலில் தப்பாகச் சொல்லும். தப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் தன்னைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். ஆயிரக்கணக்கான தடவை இப்படி நடக்கும். வாய்ப்பாடு நாம் படித்தது போலத்தான்.

தேர்வு வைத்தால் எவ்வளவு மார்க்?

பழகிய வீடியோவையே தேர்வில் கொடுத்தால் அது மனப்பாடம். அதனால் கம்ப்யூட்டர் பார்க்காத சில வீடியோக்களைத் தனியே எடுத்து வைத்துக் கேட்பார்கள். அவர்கள் செய்ததில் நன்றாக வந்த முறை 263 சொல்லில் 85.6 சதவீதம் சரியாகச் சொன்னது. 50 சொல் மட்டும் எடுத்துக்கொண்டபோது 94.5 சதவீதம். அது ஏன் கூடியது? 263 பேர் இருக்கும் கூட்டத்தில் ஒருவரைத் தேடுவதைவிட 50 பேரில் தேடுவது சுலபம் இல்லையா?

85.6 என்பது நம்ம தேர்வில் நல்ல மார்க். ஆனால் பேச்சில் யோசித்துப் பாருங்கள். நூறு சொல்லில் 14 சொல் தப்பாக வருகிறது. ஆஸ்பத்திரியில் "வலி" என்பதற்குப் பதில் வேறு சொல் வந்தால் என்ன ஆகும்? அதனால் இது ஆரம்பம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு ஏஐ4பாரத் என்ற ஆய்வுக் குழு "ஓப்பன்ஹேண்ட்ஸ்" என்று ஒன்றைச் செய்தது. புள்ளிகளை மட்டும் வைத்து அமெரிக்க, அர்ஜென்டினா, சீன, கிரேக்க, துருக்கி சைகை மொழிகளோடு இந்திய சைகை மொழியையும் சேர்த்து ஆறு மொழிகளுக்குச் செய்து, 2022-இல் மாநாட்டில் வெளியிட்டார்கள்.

ஆறு மொழி என்றதும் ஆச்சரியமாக இருக்கிறதா? உலகம் முழுக்க ஒரே சைகை மொழி என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அமெரிக்காவில் ஆங்கில எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டு கையாலும் காட்டுவார்கள்.

எங்கே தடுமாறும்?

1. நம்ம ஊரில் மேகம் இறங்கினால் எதிரில் வருபவரே தெரியாது. கேமராவுக்கு மட்டும் எப்படிப் புள்ளி தெரியும்? போர்வைக்குள் கை இருந்தாலும் இதே கதைதான்.

2. சைகை மொழி கையோடு முடிவதில்லை. புருவம் தூக்கினால் அதுவே கேள்வி ஆகிவிடும். முகத்தையும் பார்க்க வேண்டும்.

3. 263 என்பது தனித்தனிச் சொல். பேச்சு என்பது வாக்கியம். ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிப்பது தனிக் கஷ்டம்.

4. இதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நான் சொன்ன முறையில், படி 4-இல் "எனக்குத் தெரியாது" என்று ஒரு கட்டம் இல்லை. தெரியாத சைகையைக் காட்டினாலும் தெரிந்த 263-இல் ஒன்றைச் சொல்லிவிடும். என் தம்பி காட்டுமாட்டைக் காட்டினால், அது எதையோ ஒன்றைப் பதில் என்று சொல்லும். அந்தச் சைகை எங்க வீட்டில் பிறந்தது. சென்னையில் எடுத்த வீடியோவில் அது எப்படி இருக்கும்?

அத்தை செய்ததும் அதேதான். தெரிந்த சொல் "மாடு". அதையே எடுத்துக்கொண்டாங்க. அத்தை மேல் தப்பு சொல்லவில்லை. கம்ப்யூட்டரும் மனிதரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள் என்று சொல்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மனிதர் நினைத்தால் நின்று, "புரியல, இன்னொரு தடவை காட்டு" என்று கேட்க முடியும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று

இதே முறையால் கேமராவில் யார் ஓடுகிறார், யார் விழுகிறார், யார் சண்டை போடுகிறார் என்றும் பார்க்கலாம். தனியாக இருக்கும் தாத்தா பாட்டி விழுந்தால் சொல்லிவிடும், அது நல்லது. ஆனால் ஒருவரைக் கேட்காமல் வீடியோ எடுப்பது நல்லதில்லை. நான் தம்பியைப் படம் எடுக்கும் முன் அவனிடம் கேட்டேன். முதல் நாள் வேண்டாம் என்று சொன்னான். அடுத்த நாள் தலை சீவிக்கொண்டு அவனே வந்து நின்றான்!

உங்களுக்குத் தெரியுமா?

• 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள்.
• டெல்லியில் இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2015-இல் தொடங்கப்பட்டது. அது வெளியிட்ட சைகை அகராதியில் 2018-இல் 3,000 சொல் இருந்தது. 2021-இல் 10,000 ஆனது.
• செப்டம்பர் 23 உலக சைகை மொழிகள் தினம்.

நான் செய்தது

வட்டார வள மையத்தில் இருந்து வரும் சிறப்பாசிரியை தம்பிக்கு இந்திய சைகை மொழி கற்றுக் கொடுக்கிறாங்க. அவங்க சொன்னது: "வீட்டுச் சைகையை விட்டுடாதீங்க, பொதுச் சைகையும் கத்துக்கோங்க. வீட்டுச் சைகை வீட்டுக்குள்ள புரியும். பொதுச் சைகை திண்டுக்கல்லுக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் புரியும்." நாம் வீட்டில் ஒரு மாதிரியும் பரீட்சையில் ஒரு மாதிரியும் தமிழ் எழுதிப் பேசுகிறோமே, அதுபோல என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு 40 பக்க நோட்டில் தம்பியின் சைகைகளை வரைந்து வருகிறேன். ஒரு சைகைக்கு ஒரு படம் போட்டால் பத்தாது என்று இப்போது தெரியும். அதனால் 1, 2, 3 என்று மூன்று கட்டமாகப் போடுகிறேன். இதுவரை 31 சொல் ஆகியிருக்கிறது. முதல் பக்கத்தில் காட்டுமாடு. மூன்றாவது கட்டத்தில் தோள் தூக்குவதைச் சிவப்பு மையால் வரைந்திருக்கிறேன். அந்த நோட்டை அத்தை ராத்திரியில் எடுத்துப் பார்க்கிறாங்க.

செய்து பாருங்கள்

1. ரஃப் நோட்டின் மூலையில் பக்கத்துக்கு ஒன்றாக 20 குச்சி மனிதர்களை வரையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கை கொஞ்சம் உயரட்டும். வேகமாகப் புரட்டினால் கை தூக்குவான். பின்னால் இருந்து புரட்டினால் கை இறக்குவான்.

2. இரண்டு பேர் விளையாட்டு: ஒருவர் பேசாமல் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். பல் தேய்ப்பது, தண்ணீர் இறைப்பது, பூண்டு உரிப்பது எதுவானாலும் சரி. மற்றவர் ஒரு நொடி மட்டும் கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். பிறகு ஐந்து நொடி பார்த்துச் சொல்ல வேண்டும். எத்தனை விடை மாறியது என்று எண்ணுங்கள்.

கேள்வி: காபி ஆற்றுவதையும் தண்ணீர் ஊற்றுவதையும் ஒரே போட்டோவில் பிரித்துச் சொல்ல முடியுமா? எத்தனை போட்டோ வேண்டும்? விடையை எழுதி ஒன்பதாம் வகுப்பு பெட்டியில் போடவும்.

முடிவுரை

கம்ப்யூட்டர் பெரிய விஷயம் எதையும் செய்யவில்லை. முதல் போட்டோவில் இருந்து கடைசிப் போட்டோ வரைக்கும் விடாமல் பார்க்கிறது. தப்பாகச் சொன்னால் திருத்திக்கொள்கிறது. அதற்கு 4,287 வீடியோ தேவைப்பட்டது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. எங்க அம்மாவுக்கு ஒரு சைகை ரெண்டு தடவையில் வந்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் தம்பியைச் சிலர் "ஊமை" என்று கூப்பிடுகிறீர்கள். அவனுக்குக் கேட்காது, ஆனால் உங்க வாயைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு ஒரு சைகையும் இருக்கிறது. வலது கை ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் குழி விழும் இடத்தில் வைத்து இரண்டு முறை திருப்ப வேண்டும். இரண்டு முறை, மறந்துவிடாதீர்கள். ஒருமுறை திருப்பினால் அது மிட்டாய்.

நாளைக்கு மதியம் சத்துணவு வரிசையில் அவனைப் பார்த்தால் அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள். அவன் கை உங்களிடம் ஏதாவது சொல்லும். கடைசி வரைக்கும் பாருங்கள். புரியவில்லை என்றால் இன்னொரு தடவை காட்டச் சொல்லுங்கள். அவன் எத்தனை தடவை வேண்டுமானாலும் காட்டுவான்.